ஒரு கோடு விட்டு ஒரு கோடு

திரையில் வெர்னா நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். பேச்சில் கை ஆடினால் கையின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தன. தலையைத் திருப்பினால் கன்னத்தின் ஓரத்தில் தெரிந்தன. அதெல்லாம் கேமராக்கார நண்பன் டாயல் முன்பே சொல்லிவைத்ததுதான். ஆனால் அவளுக்குப் பின்னால் சாத்திக் கிடந்த, சவுனா என்ற நிலவறை நீராவிக் குளியலறையின் கதவு விளிம்பிலும் பல் தெரிந்தது. அதை டாயல் சொல்லவில்லை.

எய்னார் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். கதவு அசையவில்லை. பல் மட்டும் இருந்தது.

வெளியே ஏரிப்பக்கமிருந்து வந்த பனி மத்தியானத்திலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. அடுக்களை ஜன்னலில் பாதி உயரத்துக்கு வெள்ளை ஏறிவிட்டது. பிப்ரவரிச் சாயங்காலத்தின் மிச்ச வெளிச்சம் மீதிப் பாதி வழியாக வந்து மேஜை மேல் கிடந்த லேப்டாப்பிலும், பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுத்து இன்னும் தொடாமல் இருந்த, கறி அடைத்துச் சுட்ட பாஸ்டியிலும் சாம்பலாய் விழுந்திருந்தது. கீழே நிலவறையில் ஹீட்டர் டக்கென்று எரிந்து, பெருமூச்சு விட்டு, அணைந்தது.

எய்னாரின் மனைவி வெர்னா ஜனவரியில் போனாள். அந்த ஊரில் குளிர்காலத்தில் செத்தவர்களை உடனே புதைப்பதில்லை. மண் இரும்பாய் இறுகிக் கிடக்கும். கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் மலைச்சரிவில் குடைந்த கல் அறை ஒன்று உண்டு. பெட்டியை அதில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மே மாதம் மண் இளகியதும் குழி. அதுவரை வெர்னா, அவளுடைய நீலக் கவுனில், வெள்ளைப் பொத்தான் கழுத்துவரை போட்டு, அந்த அறையில் காத்திருந்தாள். எய்னார் சுரங்கத்து லாரி ஓட்டி ஓய்ந்தவர். எத்தனையோ பேரை அந்த அறைக்குள் தூக்கிக்கொண்டு போய் வைத்த தோள் அது. அப்போதெல்லாம் அதைப் பற்றி நினைத்ததே இல்லை.

டிசம்பரில் நிலவறையில் உட்கார்ந்து வெர்னா பேசிவைத்த இந்த வீடியோவை, குழியில் இறக்குகிற அன்று சர்ச்சில் போட வேண்டும் என்பது மகள் ரீத்தாவின் ஆசை. காலையில்கூடப் போன் பண்ணினாள்.

"அப்பா, அது சாதாரண டிவியில ஓடுற மாதிரி மாத்தியாச்சா? போன தடவ ஹாங்கோ மாமா விருந்துல கறுப்புத் திரையப் பாத்துக்கிட்டே கேக் தின்னோம், ஞாபகம் இருக்கில்ல?"

"டாயல் ஒரு புரோகிராம் போட்டுக் குடுத்திருக்கான். நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கறேன்னு சொன்னாத்தான் எனக்குப் பயம். கேமரா கார்டுல கைய வெச்சிடாதீங்க. அம்மா குரல் அது ஒண்ணுலதாம்ப்பா இருக்கு."

சரி என்றார். கார்டை அவர் முந்தின நாளே அழித்திருந்தார். அடக்கத்தைப் படம் பிடிக்க இடம் வேண்டுமே என்று, பெரிய கோப்பு ஒன்றை மட்டும் லேப்டாப்பில் இழுத்துப் போட்டுவிட்டு, கூட இருந்த குட்டிக் குட்டி ஃபோல்டர்களைக் குப்பை என்று நினைத்து, எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். மகளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது டாயலைக் கூப்பிட்டார். சுரங்கத்தில் கூட வேலை பார்த்தவன். ஓய்வுக்கப்புறம் ஊர்க் கல்யாணங்களுக்குக் கேமரா தூக்குகிறவன்.

"யோவ் எய்னாரு, இன்னும் உயிரோட இருக்கியா? பனியில பொதஞ்சிட்டியோன்னு நெனச்சேன்."

"இந்தப் பல்லு. ஆடாத பொருளுக்கும் வருமா?"

"வராதுய்யா. அந்தக் கேமரா ஒரு படத்த ரெண்டு பாதியா எடுக்குது. ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு ஒரு கோடு விட்டு ஒரு கோடு மொதல்ல. நடுவுல இருக்கிற கோடெல்லாம் அப்புறம். அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துல எது ஆடுதோ அதுக்கு மட்டுந்தான் பல்லு."

"சவுனாக் கதவுக்கு வருதே."

டாயல் சிரித்தான். "உன் வீட்டுக் கதவு என்னிக்கி ஒழுங்கா நின்னுது? ஒரு பாதிய வெச்சுக்கிட்டு மறு பாதியத் தூக்கிப் போடு. படம் லேசா மங்கும், பல்லு போயிடும். கார்டு பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு," என்றார் எய்னார்.

முதல் பாதியை வைத்துக்கொள்ளச் சொல்லி அழுத்தினார். பச்சைப் பட்டை மெல்ல ஊர்ந்து நிரம்பியது. ஓடவிட்டார். பழுப்பு ஸ்வெட்டரில் வெர்னா. கதவு சாத்தியிருந்தது; விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல் நேராக இருந்தது. "ரீத்தா, என் கண்ணு," என்று ஆரம்பித்தாள். எய்னாருக்கு மூச்சு வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தூக்கிப் போடுகிற பாதியிலும் இருப்பது அவள்தானே. பார்க்காமல் எப்படிப் போடுவது? மறு பாதியையும் மாற்றினார்.

அதே குரல். அதே "ரீத்தா, என் கண்ணு." நாற்காலி காலி.

பின்னால் சவுனாக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அந்த இருட்டில், மரப் படியை ஒட்டி, கைகளைத் தொங்கவிட்டு ஒருத்தி நின்றாள். முகம் தெரியவில்லை. பொத்தான்கள் தெரிந்தன. வெள்ளைப் பொத்தான்கள், கழுத்துவரை.

இந்தப் படம் டிசம்பரில் எடுத்தது. டிசம்பரில் அந்தக் கவுன் மாடி அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவசரமாக முதல் பாதியைத் திறந்தார், இது போனாலும் அது இருக்கிறது என்று. அதிலும் நாற்காலி காலி. கேமராவிலிருந்து இழுத்துப் போட்ட மூலக் கோப்பைத் திறந்தார். காலி. குரலும் இல்லை. ஹீட்டரின் பெருமூச்சு மட்டும், அதுவும் படத்திலிருந்து வருகிறதா கீழேயிருந்து வருகிறதா என்று பிரித்தறிய முடியாதபடி. மே மாதம் சர்ச்சில் எல்லோரும் ஒரு காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரீத்தா திரும்பி அவரைப் பார்ப்பாள்.

லேப்டாப்பை மூடினார்.

அப்போதுதான் வாசனை வந்தது. நனைந்த பிர்ச் இலை, தார் சோப்பு, பழைய புகை. ஜனவரிக்கப்புறம் அந்தச் சவுனாவை யாரும் மூட்டவில்லை. கீழே அகப்பை வாளியில் இடித்தது. தண்ணீர் சவுனா அடுப்பின் கல்மேல் விழுந்தது. சூடான கல் சீறும். சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம் அது. இது சீறவில்லை. குளிர்ந்த கல்லில் தண்ணீர் வெறுமனே விழுந்து வழிந்தது.

பிறகு குரல். மூடிய லேப்டாப்பிலிருந்து இல்லை. படிக்கட்டிலிருந்து.

"எய்னார். முடிஞ்சிடுச்சு. வந்து நிறுத்து."

டிசம்பரில் அவள் கூப்பிட்டது அப்படியே. எழுந்து கேமராவை நிறுத்த அவளுக்குத் தெம்பில்லை. பேசி முடித்ததும் கீழேயிருந்து கூப்பிடுவாள். எய்னார் ஒருநாளும் அவளைக் காக்க வைத்ததில்லை.

"எய்னார், குளிருது."

கால்கள் தாமாகவே இறங்கின. கைப்பிடி ஈரமாக இருந்தது. ஒரு படிக்கு ஒரு படி குளிர் கூடியது. அது ஜன்னல் குளிர் இல்லை, கல்லுக்குள் பூட்டிக் கிடந்த குளிர். அந்த அறையில் பெட்டியை இறக்கிவிட்டு நிமிரும்போது கழுத்தில் ஏறுமே, அது.

விளக்கைப் போட்டார். எரிந்தது. சவுனாக் கதவு சாத்தியிருந்தது. நாற்காலி காலி. எதிரே முக்காலியில் கேமரா. குட்டித் திரை இன்னும் நாற்காலியைப் பார்த்துத் திருப்பியபடி இருந்தது. பேசும்போது தன் முகத்தைப் பார்த்துக்கொள்ள வெர்னா அப்படித் திருப்பி வைத்திருந்தாள்.

படம் பதிவாகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. கேமராவில் கார்டு இல்லை. கார்டு மேலே, மேஜையில்.

ஒரு பக்கம் சலவை எந்திரம், ஒரு பக்கம் சுவர். கேமராவை நிறுத்தும் பொத்தானை எட்ட வேண்டுமானால் நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். போனார். பாதியில் ஈரத் தரையில் கால் வழுக்கியது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். வெறும் மரம். வேறொன்றும் கைக்குத் தட்டுப்படவில்லை.

தலையை மட்டும் நிமிர்த்திக் குட்டித் திரையைப் பார்த்தார்.

சலவை எந்திரம். சுவர். சாத்திய கதவு. குனிந்த ஒரு கிழவன். எதன் விளிம்பிலும் பல் இல்லை.

அவர் கையில் மட்டும் இருந்தது.

அசையாமல் நின்றார். மூச்சையும் பிடித்தார். கை அசையவில்லை. பல் போகவில்லை.

திரையில் ஒரு கோட்டில் அவர் விரல்கள், சுரங்கத்துத் தழும்போடு. அடுத்த கோட்டில் வேறு விரல்கள், வெளுத்து, நகத்தைச் சுற்றிப் பனித்தூளோடு. அடுத்ததில் அவருடையவை. அடுத்ததில் அவளுடையவை. ஒன்றுக்குள் ஒன்று. பிரிக்க இடமில்லாமல்.

மணிக்கட்டு வரை.

பிறகு முழங்கை வரை. நீலத் துணி, அவர் சட்டை, நீலத் துணி.

பிறகு தோள் வரை.