நாலு மில்லிமீட்டர்

டமார்...!

மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள் அவள். கடை முகப்பில் அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே தொங்கிக்கொண்டிருந்த ஆளுயர மூக்குக்கண்ணாடி வடிவப் பலகை தெருவில் மல்லாந்து கிடந்தது. அதை இடித்துத் தள்ளிய மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பக்கத்திலேயே நின்றது.

டிரைவர் இறங்கினான். நல்ல உயரம். கலைந்த தலை. சட்டைப் பையில் இரண்டு துண்டாக உடைந்த கண்ணாடி. கண்ணை இடுக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தவன், வாசலில் இருந்த தபால் பெட்டியின் முன்னால் போய்ப் பணிவாக நின்றான்.

“மன்னிச்சிருங்க மேடம்... ரிவர்ஸ் எடுத்தேன், தெரியல.”

“நான் இந்தப் பக்கம் இருக்கேன்.”

“ஐயோ!” அவசரமாகத் திரும்பினான்.

“இவ்ளோ பெரிய பலகை கண்ணுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சா ஏங்க இடிக்கப் போறேன்? மூக்குக்கண்ணாடிக் கடை எங்கன்னுதான் தேடிட்டு வந்தேன்.” கீழே கிடந்த பலகையைக் குனிந்து தடவிப் பார்த்தான். “கண்டுபிடிச்சிட்டேன் போலிருக்கே...”

கோபப்பட வேண்டும் என்றுதான் வந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாழாய்ப்போன சிரிப்பு, வரக்கூடாத நேரத்தில்தான் வரும்.

ஊரே காலியாகிக்கொண்டிருந்த நாள் அது. அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா... யாருக்கும் தெரியவில்லை. ரேடியோவில் தினம் ஒருவர் வந்து ‘இனி நான்தான் பொறுப்பு’ என்று பேசினார். பிறகு அந்த ரேடியோவும் வாயை மூடிக்கொண்டது. வங்கியில் பூட்டு. கரண்ட் இல்லை. போன் செத்துவிட்டது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. முதலில் எல்லோரும் பயந்தார்கள். பயந்து பயந்து அலுத்துப்போனதும் ஆளாளுக்கு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்ப்புறத் தையல்காரம்மா, ஜன்னல் திரைகளையெல்லாம் வெட்டி முதுகுப்பைகளாகத் தைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்கில் முகம் பார்க்காத மாடிவீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு கட்டிலைத் தூக்கப் பார்த்து, முடியாமல், தெரு நடுவில் அதன் மேலேயே உட்கார்ந்து டீ குடித்தார்கள். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அந்தத் தெரு அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

வெயில் தாழ்ந்ததும் இந்த பஸ்தான் தெருக்காரர்களை ஏற்றிக்கொண்டு மேற்கே மலைப்பக்கம் போகப் போகிறது. அவளும் அப்பாவும் அதில் இல்லை. கிழக்கே கடலோரத்தில் வாக்கப்பட்ட அக்கா, ஜீப்பை எடுத்துக்கொண்டு சாயங்காலம் வந்துவிடுவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அப்பா உள்ளேயிருந்து வந்தார். பலகையைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார்.

“இந்த ஆளுக்கு நம்ம கடையில கண்ணாடி கிடையாது.”

“அப்பா...”

“கிடையாதுன்னா கிடையாது.”

தையல்காரம்மா தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே கத்தினார். “அண்ணே, அந்தக் கண்ண நம்பித்தான் நாங்க அத்தனை பேரும் மலை ஏறணும்! வீம்பு பிடிக்காதீங்க!”

அப்பா பெருமூச்சு விட்டார். “பாப்பா, நீயே பாத்து அனுப்பு. நான் அந்த மூஞ்சியப் பாக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ஏற்கெனவே கட்டிய மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தார்.

ஜன்னலோர நாற்காலியில் அவனை உட்கார வைத்தாள். பவர் பார்க்கும் கனமான இரும்புப் பிரேமை மூக்கில் மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றிச் செருகினாள்.

“இது தெளிவா, அது தெளிவா?”

“ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு எது வசதியோ...”

“இது என்ன காய்கறிக் கடையா? ஒழுங்கா சொல்லுங்க.”

“அப்ப முதல்ல போட்டது.”

பவர் பிடிபட்டது. இரும்புப் பிரேமைக் கழற்றினாள். அடுத்தது அளவு. இரண்டு கருவிழிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த அளவில்தான் லென்ஸின் மையம் உட்கார வேண்டும்.

“தலைய ஆட்டாதீங்க. எதிர் மாடியில தண்ணித் தொட்டி இருக்குல்ல, அதையே பாருங்க.”

“மேகம் மாதிரி ஒண்ணு தெரியுது...”

“அதேதான்.”

ஸ்கேலை அவன் மூக்கின் மேல் வைத்து, குனிந்தாள். மிக அருகில் வந்தாள்... வேலை அப்படி. எத்தனையோ பேரின் கண்ணை இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறாள். கண் என்றால் அவளுக்கு இரண்டு வட்டங்கள், ஒரு எண். அவ்வளவுதான். ஆனால் இந்தக் கண்கள்... தேன் நிறத்தில், தூக்கம் கெட்டு, ஓரத்தில் லேசாகச் சிவந்து, இமைக்காமல்... வெளியே தூறல் ஆரம்பித்தது. ஜன்னல் கம்பியில் நீர்த்துளிகள் கோத்துக்கொண்டு நின்றன. ஒரு நிமிஷம் அவள் மூச்சு விட மறந்தாள்.

அறுபத்திரண்டு மில்லிமீட்டர். சட்டென்று நிமிர்ந்து எண்ணைக் குறித்துக்கொண்டாள். காது மடல் சுட்டது. வழக்கமாக இரண்டாம் தடவையும் அளப்பாள். ‘அப்புறம் அளந்துக்கலாம்...’ என்று சாணைக்கல்லைக் கழுவப் போய்விட்டாள்.

கரண்ட் இல்லாததால் லென்ஸை அரைக்க, மூலையில் கிடந்த கைச்சக்கரச் சாணைதான் கதி. அவன் கைப்பிடியைச் சுற்றினான். சுழலும் கல்லில் லென்ஸின் ஓரத்தை வைத்து அவள் பிடித்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட, கிர்ர்ர் என்று வேலை நடந்தது.

“மெதுவா... மெதுவா. இது பஸ் இல்ல.”

“எங்க பஸ்ஸுல வர்றதெல்லாம் வாண்டுங்க மேடம். மெதுவா போனா அடிக்க வருதுங்க.”

“பஸ்ஸ எடுத்துட்டு நீங்க மட்டும் எப்பவோ போயிருக்கலாமே? ஏன் போகல?”

“போகலாம்னு கிளம்பினேன். டிரைவர் சீட்டுக்கு மேல இருக்கிற கண்ணாடியில பாத்தா, பின்னால அத்தனை சீட்டும் காலி... என்னமோ மாதிரி இருந்துச்சு. திரும்பிட்டேன். அப்புறம் டீசல் பிடிக்கிற கூட்டத்துலதான் மூக்குக்கண்ணாடி உடைஞ்சுபோச்சு.” கொஞ்சம் தயங்கினான். “நீங்களும் நம்ம பஸ்ஸுலதானே?”

“இல்ல. நாங்க கிழக்க. அக்கா ஜீப் வருது.”

சக்கரம் நின்றது.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“கை வலிக்குது.”

பஸ்ஸை ஒற்றைக் கையால் வளைத்துத் திருப்புகிறவனுக்கா கை வலி? அவள் கேட்கவில்லை. சக்கரம் மறுபடி சுற்றியபோது இரண்டு பேரும் வேறு எதைப் பற்றியெல்லாமோ பேசினார்கள். வகுப்புக்குப் போக மறுத்து பஸ்ஸிலேயே ஒளிந்துகொண்ட குழந்தையைப் பற்றி, கண்ணாடி போட்ட பிறகுதான் மனைவியின் மீசை தெரிந்தது என்று சண்டைக்கு வந்த வாடிக்கையாளரைப் பற்றி... சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு வலித்தது. போன் கிடையாது, தபால் கிடையாது. இவன் மேற்கே, நான் கிழக்கே. சாயங்காலத்துக்குப் பிறகு இந்த ஆள் உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது... நினைத்ததும் சிரிப்பு அடங்கிப்போனது.

கண்ணாடி தயாரானது. போட்டுக்கொண்டு பஸ்ஸை எடுத்துப் போனவன், தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“கண்ணு ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுக்குதுங்க. தலை சுத்துது.”

“புதுக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும். பழகிடும்.”

“இல்ல மேடம், ரோடே...”

“எங்க கடைக் கண்ணாடி இதுவரைக்கும் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல!”

குரல் உயர்ந்துவிட்டது. அவன் எழுந்து மறுபடி ஏறினான். இந்த முறை பஸ் முனைவீட்டுச் சுவரை உரசி நின்றது. மூட்டைகளோடு கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “இவர நம்பி மலைப்பாதையில எப்படிப் போறது? நடந்தே போயிரலாம்” என்று யாரோ முணுமுணுத்தார்கள். அந்த நேரம் பார்த்து அக்காவின் ஜீப் சேறு தெறிக்க வந்து நின்றது.

“கிளம்பலாமாப்பா? இருட்டறதுக்குள்ள பாலத்தத் தாண்டணும்!”

அப்பா வெளியே வந்தார். பார்க்கமாட்டேன் என்ற முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். ஸ்கேலை எடுத்தார். நடுங்கும் கையை அவன் நெற்றியில் ஊன்றிக்கொண்டு, “தொட்டியப் பாருப்பா” என்றார்.

“அறுபத்தாறு. நீ எவ்ளோம்மா போட்ட?”

“அறு... அறுபத்திரண்டு.”

“தூரத்தப் பாக்கும்போது கண்ணு ரெண்டும் நேரா நிக்கும். கிட்டக்க பாத்தாத்தான் மூக்குப் பக்கம் நெருங்கும். நாலு மில்லிமீட்டர் குறையுதுன்னா... இது எதையோ பக்கத்துல பாத்த கண்ணு.”

அப்பா அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு ஸ்கேலை வேட்டி முனையால் மிகவும் அக்கறையாகத் துடைக்க ஆரம்பித்தார்.

“தப்பு என்னுதுங்க,” என்றான் அவன். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. “மேடம் தொட்டியத்தான் பாக்கச் சொன்னாங்க. நான் பாக்கல.”

“பின்ன எதப் பாத்த?”

அவன் தலை குனிந்தான். “கண்ணாடி உடைஞ்சதுலேர்ந்து எனக்கு எல்லாமே மங்கல்தான் சார். எதுவும் மூஞ்சிகிட்ட வந்தாத்தான் தெரியும். இன்னிக்கு மத்தியானம் ஒண்ணே ஒண்ணு தெளிவாத் தெரிஞ்சது... அத விட்டுட்டுத் தண்ணித் தொட்டியப் பாக்க மனசு வரல.”

தையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா ஜீப்பின் இன்ஜினை அணைத்தாள்.

அவளுக்கு முகமெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வேறு லென்ஸ் கிடையாது. இதையே சிறிதாக்கி, மையத்தை வெளிப்பக்கம் நகர்த்தித்தான் ஆக வேண்டும். அவ்வளவு சின்ன லென்ஸுக்குப் பொருந்துவது ஒரே ஒரு பழைய வட்டப் பிரேம். தையல்காரம்மா சக்கரம் சுற்ற, அப்பா அளவைச் சரிபார்க்க, அவள் அரைத்தாள். மனசுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. கடைப் பெயர் தப்பித்தது. பழியை அவன் வாங்கிக்கொண்டான். பேசாமல் ஜீப்பில் ஏறிவிடலாம்...

வெளியே வந்து அவன் முகத்தில் வட்டக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். ஆந்தை மாதிரிதான் இருந்தான். நிமிர்ந்து பார்க்காமல் விறுவிறுவென்று தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கம் ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

“தொட்டி தெரியுதா?”

“தெரியுது. மேல காக்கா உக்காந்திருக்கு.”

“தலை சுத்துதா?”

“இல்ல.”

“வேற... வேற என்ன தெரியுது?”

அவன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டான்.

“நீங்க அழுறீங்க,” என்றான் மெதுவாக.

அவ்வளவுதான். அடக்கி வைத்ததெல்லாம் உடைந்தது.

“தப்பு உங்களுது இல்ல... என்னுது. நீங்க தொட்டியப் பாக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும். அளக்குறவளுக்குத் தெரியாதா கண்ணு எங்க நிக்குதுன்னு? ‘அங்க பாருங்க’ன்னு சொல்லியிருக்கணும். சொன்னா கண்ண எடுத்துருவீங்களேன்னு... சொல்லல. அப்புறம் ஒழுங்கா அளந்துக்கலாம்னு நினைச்சேன். பேசிப் பேசி, சிரிச்சு சிரிச்சு, மறந்தே போயிட்டேன். போதுமா?”

“ஏன் கண்ண எடுக்கக்கூடாது?” அவன் படியிறங்கினான்.

“ஏன்னா எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு! இதையும் ஸ்கேல் வச்சுக் காட்டணுமா?”

கட்டில்மேல் உட்கார்ந்திருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருசேரக் கைதட்டினார்கள். அவன் தெருவைக் கடந்து வந்தான். இந்த முறை தபால் பெட்டியிடம் போகவில்லை. நேராக அவளிடம் வந்தான்.

“எனக்கும்தான்... பலகைய இடிச்சப்பவே. உங்க குரலக் கேட்டப்பவே.”

அப்பா தொண்டையைச் செருமினார். “அத்தனை பேர் உயிரோட விளையாடியிருக்கியே பாப்பா...”

“தெரியும்பா. இனிமே ஆயுசுக்கும் ஒண்ணுக்கு ரெண்டு தடவை அளப்பேன்.”

அவர் பெரிய மகளைப் பார்த்தார். அக்கா ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, தங்கையின் கண்ணைத் தன் புறங்கையால் துடைத்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “எனக்குப் புருஷன், பிள்ளைங்க எல்லாம் இருக்காங்கப்பா. இவள ஜீப்புல ஏத்தினா கடல் வரைக்கும் அழுதுட்டு வருவா, என்னால ஆகாது. நீங்க ரெண்டு பேரும் மலைக்கே போங்க. ஊர் கொஞ்சம் அடங்கட்டும், பிள்ளைங்களோட நானே வந்து நிப்பேன்.”

அப்பா மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் பக்கம் நடந்தார். போகிற போக்கில் டிரைவரிடம், “ஓட்டும்போது தொட்டி, தூண் எல்லாத்தையும் பாக்கணும், தெரிஞ்சுதா?” என்று மிரட்டினார். “சரிங்க மாமா,” என்றான் அவன். அப்பா அதைக் காதில் வாங்காதவர் போல ஏறிக்கொண்டார்.

எல்லாம் குழந்தைகள் உட்காரும் சீட். முட்டி முகவாயில் இடிக்க, சிரித்தபடி, தெருவே ஏறி உட்கார்ந்தது. மழை விட்டிருந்தது. அக்காவின் ஜீப் கண்ணிலிருந்து மறையும்வரை கையசைத்துவிட்டு, கடைசியாக அவள் ஏறி டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

இன்ஜின் உறுமியது. அவன் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க,” என்றாள் அவள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. “என்னப் பாக்குறதுக்குத்தான் இனிமே எல்லா நாளும் இருக்கே...”