ஆறாவது கோழி

"காலை அழுத்திப் பிடிங்க மச்சான், கட்டிலை விட்டு விழுந்துடுவா," என்றான் தங்கையின் கணவன்.

தங்கையின் உடம்பு வில்லாக வளைந்தது. அண்ணன் அவள் கணுக்கால்களைப் பிடித்தான். கொதித்தது. வார்டு முழுக்க நடுப்பகல் வெயிலும் மருந்து நெடியும்.

வலிப்பு அடங்கியதும் டாக்டர் அவனைத் தனியே அழைத்தார்.

"சுகாதாரத் துறையில உங்க வேலையே கொசு வேலைதானே. ஏரிக்கரைக் கோழிங்க ரிப்போர்ட் என்ன சொல்லுது?"

ஏரிக்கரைக் கூண்டில் ஆறு கோழிகள். கொசு கடிப்பதற்கென்றே வளர்ப்பவை. பறவையிலிருந்து கொசு வழியாக மனிதனுக்குத் தாவும் புது வைரஸ் வந்தால், கோழிக்கு ஒன்றும் ஆகாது. அதன் ரத்தம் மட்டும் காட்டிக்கொடுக்கும். வாராவாரம் ஆறு குழாயில் ரத்தம் எடுப்பது அவன் வேலை. 'பா... பா...' என்று அழைத்து மக்காச்சோளம் இறைப்பது காவல்காரர் வேலை.

"ஆறும் சுத்தம் டாக்டர்."

"அப்ப வைரஸ் இல்ல. மண்டையில துளை போட்டு, மூளையில துளி சதை எடுத்துத்தான் பார்க்கணும். உயிருக்கு உத்தரவாதம் இல்ல."

தங்கையின் கணவன் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். "நீங்க சொன்னா சரிதான் மச்சான். இந்த விஷயத்துல நீங்க புலியாச்சே."

அவன் படிவத்தைப் பார்க்காமல் கட்டில் பக்கம் திரும்பினான்.

கட்டிலுக்கடியில் பிறாண்டும் சத்தம்.

குனிந்து பார்த்தான். ஒன்றுமில்லை. ஆனால் ஈரத் தவிட்டு வாடை. கோழிக்கூண்டு வாடை.

"பா... பா... பா..."

தங்கையின் உதடுகள்தான் அசைந்தன. குரல் அவளுடையதல்ல. கரகரத்த ஆண்குரல்.

அவள் கூண்டுப் பக்கம் போனதே இல்லை.

"கூண்டுல அஞ்சுதான் இருக்கு சார்," என்றது அது. "ஆறாவதை உங்க ஆபீஸ்ல வெச்சிருக்கீங்களே."

சார். பேச ஆரம்பித்த நாளிலிருந்து 'அண்ணே' என்று தவிர வேறெப்படியும் அவள் அவனை அழைத்ததில்லை.

ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது.

"நிறுத்துங்க டாக்டர்." அவன் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "மத்த அஞ்சும் ரத்தம் எடுக்கப் போனா கொத்தும். ஒண்ணு மட்டும் சாது. அதை ஆபீஸ்ல, கொசுவலை அடிச்ச ஜன்னலுக்குள்ள வெச்சுக்கிட்டேன். மூணு மாசமா ஆறு குழாயும் அதோட ரத்தம்தான். ஒரு கொசுகூட அதைக் கடிச்சிருக்காது."

தங்கையின் கணவன் அவனையே பார்த்தான்.

டாக்டர் படிவத்தைக் கிழித்தார். "சிஸ்டர், இவங்க தண்டுவட நீர்ல வைரஸைத் தேடச் சொல்லுங்க." அவன் பக்கம் திரும்பினார். "அந்தக் காவல்காரரை உடனே வரச் சொல்லுங்க. நாள் பூரா அங்கேயே கிடக்கிறவர். அவருக்கும் ரத்தம் பார்க்கணும்."



கட்டிலுக்கடியிலிருந்து மக்காச்சோள மணிகள் உருண்டு வந்து அவன் செருப்பில் முட்டி நின்றன.

"அவர் இறந்து பதினோரு நாளாச்சு டாக்டர். இதே காய்ச்சல். வெயில் தாங்காம விழுந்துட்டார்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன்."