மூச்சை வெட்டிய குரல்

"அந்தக் குரலை அழிச்சிடுங்க மாமா. இல்லேன்னா நானே பெட்டியை உடைச்சிடுவேன்."

தங்கை போட்ட சத்தம் தெருவில் பாதி வீட்டுக்குக் கேட்டது. மீதி வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டார்கள்.

அவள் அக்கா இறந்தபின், அக்கா புருஷனான ரேடியோ ரிப்பேர்காரர் அழவில்லை. ஆர்கன் என்ற வாத்தியப் பெட்டி ஒன்றைக் கட்டினார். பேசாத படங்களுக்குத் திரையரங்கில் வாசித்தார்களே, அந்த மாதிரி: குதிரை லாடம் போல வளைந்த மரம், மூன்றடுக்குக் கட்டைகள், வரிசையாக வண்ணப் பொத்தான்கள். குழாய்களுக்குப் பதிலாக உள்ளே சர்க்யூட்டும் ஸ்பீக்கரும். அது கூடத்தை அடைத்ததில் சாப்பாட்டு மேசை குளியலறை வாசலுக்குப் போனது. பெண்டாட்டி இடத்தைப் பெட்டி பிடித்துக்கொண்டது என்று எதிர்வீட்டுக்காரி சொல்லிச் சிரித்தாள்.

ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு ஒலி. புல்லாங்குழல், மணி, மழை. சிவப்புப் பொத்தானுக்கு மனிதக் குரல். எப்போதோ மைக்கைச் சோதிக்க அக்கா பாடிவைத்த ஒரே ஒரு 'ஆ'வை இழுத்தும் சுருக்கியும் எல்லாக் கட்டைகளுக்கும் பரப்பியிருந்தார். இடக்கோடியில் அக்கா, அவள் வாழாத கிழப்பருவத்தில் பாடினாள். வலக்கோடியில், தங்கையோடு ஒரே போர்வைக்குள் கிடந்த குழந்தையாகப் பாடினாள்.

விரல் எடுக்கும்வரை ஒலி அறுந்துபோகக் கூடாது. அதற்காக, அவள் மூச்சு வாங்கிய இடத்தை வெட்டி, முனைகளை ஒட்டிவிட்டார்.

அக்கா செத்ததே மூச்சு முட்டித்தான்.

"பாவம் மாமா. மூச்சுவிட முடியாம தவிக்கிறா. விட்டுடுங்க அவளை."

அழிக்க மனம் வரவில்லை, வெட்டிய மூச்சையும் அன்றைக்கே எறிந்தாயிற்று என்றார் அவர். பிறகு மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்க ரெண்டு பேர் குரலும் ஒண்ணுதான். உன் மூச்சைக் குடு."

தங்கை யோசிக்கவில்லை. ஒரு தடவை இழுத்து வாங்கினாள். அவர் அதை வெட்டிய இடத்தில் பொருத்தி, கட்டையை அழுத்தினார்.

அக்கா பாடினாள். நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள்.

நண்பகல் வெயில். அவர் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

பெட்டி இன்னொரு தடவை மூச்சு வாங்கியது.

பிளக் அவர் கையில் இருந்தது.

ஸ்பீக்கர் துணி மெல்ல உப்பித் தணிந்தது. ஆஸ்பத்திரி மருந்து வாடையோடு வெதுவெதுப்பாகக் காற்று வந்தது.

"போதுமாக்கா?" என்று கிசுகிசுத்தாள் தங்கை.

தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அசைவில்லை. பயம் வரவேண்டும் என்று நினைத்தாள். அதுவும் வரவில்லை.

அந்த வருடமே ரிப்பேர்காரர் தம்பி இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். பெட்டி வாசலுக்குள் அடங்காது என்பதால் வீட்டோடு கிடக்கிறது. தங்கை ஒரு கப்பல் கம்பெனிக்காரனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு கடல் தாண்டிப் போனாள். பெண்டாட்டி தங்கமானவள், குறட்டைகூட விடுவதில்லை என்று மாப்பிள்ளை பெருமைப்பட்டானாம்.

தூங்கும்போது அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்திருக்கிறானா என்று கேட்க எதிர்வீட்டுக்காரிக்கே வாய் வரவில்லை.