ஒரு ஜோடி கையுறை

வெல்டர் அடுப்படியில் பால் புட்டி கழுவிக்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் சோப்பு நுரை. உள்ளே, தொட்டிலில், யாரோ குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

பிற்பகல் மூன்று மணி. நல்ல வெயில். இந்த நேரத்தில் யாருக்குப் பயம் வரும்? மனைவி எழுந்துவிட்டாள் போலிருக்கிறது என்று அவள் அறையை எட்டிப் பார்த்தான். அறுவைத் தையல் இன்னும் ஆறாதவள். கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"நல்லாத் தட்டுறீங்க. அப்படியே தட்டுங்க, நிறுத்தாதீங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

அவன் கையிலிருந்து நுரை சொட்டியது.

மகள் பிறந்து ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் அவன் தூங்கிய தூக்கத்தையெல்லாம் சேர்த்தால் ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம், குச்சிகளை வெளியே எடுக்காமலே. தோளில் கிடந்தால் பரம சாது. முதுகு மெத்தையில் பட்டதோ இல்லையோ, ஏழு தீயணைப்பு வண்டி ஒன்றாகக் கிளம்பும்; மூன்று தெரு தள்ளி நாய்கள் எழுந்து நியாயம் கேட்கும்.

பட்டறையில் பக்கத்து லேத்துக்காரர்தான் வழி சொன்னார். "கையுறைக்குள்ள அரிசியைக் கொட்டித் தச்சு, லேசா சூடு காட்டி நெஞ்சு மேல வையிப்பா. அப்பன் கைன்னு நெனச்சுத் தூங்கிடும். என் வீட்டு நாலும் அப்படி வளந்ததுதான்."

அவனுடைய கையுறையில் துணியைவிட ஓட்டை அதிகம். பட்டறை மூலையில் யாரும் திறக்காத ஒரு பெட்டியிலிருந்து பழைய தோல் கையுறை ஒரு ஜோடி எடுத்துக்கொண்டான்.

"இது யாருதுண்ணே?"

"யாருதா இருந்தா என்ன? இனிமே உன்னுது."

வலதில் அரிசி நிரப்பித் தைத்தான். இடதைத் தொட்டிலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினான். இன்று காலை முதன்முறை வைத்தபோது, மகள் ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கியே போனாள். அவன் கூத்தாடாத குறை.

இப்போது தொட்டிலறைக்குள் நுழைந்ததும், எவ்வளவு வெயிலில் காயவைத்தும் போகாத அந்தத் தோல் வாடையும், கருகிய மயிரின் நாற்றமும், யாருடையதோ பழைய வியர்வையும் ஒன்றாக வந்து மூக்கில் ஏற, திரைச்சீலையின் நிழல் அசையாமல் நிற்க, அந்தச் சத்தம் மட்டும் நிதானமாக நடந்துகொண்டிருந்தது. மூன்று தட்டு. ஒரு நிறுத்தம். மூன்று தட்டு.

அவன் தட்டுவது எப்போதும் இரண்டு.

மகளின் மார்பிலிருந்த கையுறையில், மணிக்கட்டு இருக்கவேண்டிய இடம் அப்படியே கிடந்தது. விரல்கள் மட்டும் எழுந்தன. தாழ்ந்தன.

பிடுங்கினான். காலையில் காட்டிய சூடு ஆறவே இல்லை; உள்ளங்கை ஈரமாக இருந்தது. மகள் அழவில்லை. வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை. மூச்சும் இல்லை. உதடு நீலமாகிக்கொண்டே போனது. தூக்கினான், உலுக்கினான், முதுகில் தட்டினான். அவன் தட்டுக்கு அசையவில்லை. மறுபடி கிடத்தி, கையுறையை மார்பில் வைத்தான்.

மூன்று தட்டு. மூச்சு வந்தது.

இன்னொரு முறை எடுக்கப் பார்த்தான். இம்முறை அது எழவே இல்லை. நாள் முழுக்க இரும்பைத் தூக்கும் கை அவனுடையது. ஒரு கையுறை அரிசியை அசைக்க முடியவில்லை.

மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"ஏங்க, கை வலிச்சா சொல்லுங்க. நான் எந்திரிச்சு வர்றேன்."

அவன் இரண்டு கையும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

கதவைத் திரும்பிப் பார்த்தான். ஆணி இருந்தது. ஆணி மட்டும்.

முதுகில் ஏதோ பட்டது. இதமாக. வெதுவெதுப்பாக.

மூன்று தட்டு. ஒரு நிறுத்தம்.

ஒன்பது நாள் தூக்கமும் ஒரே மூட்டையாக இமைமேல் இறங்கியது. வேண்டாம் என்றான். கண் கேட்கவில்லை. கால் மடங்கியது. கன்னம் தொட்டில் விளிம்பில் சாய்ந்தது. இமை இடுக்கில் தெரிந்த கடைசி வெளிச்சத்தில் பார்த்தான்.

தொட்டிலில் தட்டுவது நின்றிருந்தது. கையுறை ஒவ்வொரு விரலாக மடக்கி, ஊன்றி, மகளின் மோவாயை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

அவன் முதுகில், மூன்று தட்டு.