நடுரோட்டில் நிற்பவர்

தவளக்குப்பம் தாண்டி, கடலூர் சாலைச் சோதனைச்சாவடியில் லினெட் ஸ்கூட்டரை நிறுத்தியபோது மாலை நாலு மணிதான். மழை மேகத்தில் ஆறரை போல இருட்டியிருந்தது. அன்று கல்லறைத் திருநாள். ஊரே மெழுகுவர்த்தியும் சாமந்தியும் வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போக, அவள் காக்கி மாட்டிக்கொண்டு முதல் நாள் டியூட்டிக்கு வந்திருந்தாள்.

சாவடியில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. சக்கரம் வைத்த இரும்புத் தடுப்பு, பெரிய விளக்கு, கேமரா எல்லாமே புதுசு. கிராமப்புறக் காவலுக்கும் நெடுஞ்சாலைக் கஞ்சா ஒழிப்புக்கும் அரசு ஒதுக்கிய நிதியில் வந்தவை. அவள் கணவன் லூர்துபிரகாஷ் இங்கே கான்ஸ்டபிளாக இருந்தபோது ஒரு தடுப்புக் கட்டைக்காக மூன்று முறை எழுதிக் கேட்டான். நிதி இல்லை என்றார்கள். தடுப்பு இல்லாத சாவடியில் போலீஸ்காரன் உடம்புதான் தடுப்பு. நடுரோட்டில் கையை விரித்து நிற்பார்கள், அதுதான் பழக்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கஞ்சா கார் நிற்கவில்லை. அவனைப் புதைத்த மறுமாதமே நிதி வந்து சேர்ந்தது. நல்ல வேகம்!

கருணை அடிப்படையில் அவளுக்குப் போலீஸ் வேலை கிடைத்தது.

"லாஸ்பேட்டையிலயே போஸ்டிங் குடுத்தாங்களாமே. நீயா கேட்டு ஏம்மா இங்க வந்த?" என்றார் ஏட்டு கோவிந்தசாமி.

"அவரு இங்க நிக்கறாருன்னு டிரைவருங்க பேசிக்கிறாங்களே, ஏட்டய்யா."

அவர் உள்ளே போனார். அடக்கத்தன்று சவப்பெட்டியைத் திறக்கவே விடவில்லை. கட்டின புருஷன் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமலே மண் போட்டவள் அவள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றுதான் வந்திருந்தாள்.

மழை பிடித்தது. பால் வண்டி ஒன்று தடுப்புக்கு நூறடி முன்னாலேயே கிரீச்சிட்டு நின்றது. குடையோடு ஓடினாள்.

"நடுவுல நிக்கிற சாரை நவுந்துக்கச் சொல்லுங்க மேடம்."

திரும்பிப் பார்த்தாள். ஈரத் தார்ச்சாலை வெறுமையாகக் கிடந்தது.

அதுவரை கேட்ட தவளைச் சத்தம் நின்றிருந்தது.

"எனக்குத் தெரியலியே அண்ணா. மொகம் எப்டி இருக்குது? சிரிச்ச மாதிரியா?" என்று கேட்டாள்.

டிரைவர் முன்னால் பார்த்தான். சட்டெனத் தலையைக் குனிந்துகொண்டான்.

"வேணாம் மேடம். நீங்க பாக்காதீங்க."

வண்டியைப் பின்னாலேயே ஓட்டித் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவள் குடையை விட்டுவிட்டு நடுரோட்டுக்கு நடந்தாள்.

"ஏங்க... ஒரே ஒரு தடவ."

முதுகுப் பக்கம் குளிர்ந்தது. ரத்தமும் ஈரக் காக்கியும் கலந்த வாடை வந்தது.

"திரும்பாத, லினு."

அதே குரல். அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வேறு யாரும் கிடையாது.

அவள் திரும்பப் போனாள்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவள் கண்களைப் பொத்தின.

ஐஸாகச் சில்லிட்ட கைகள். ஆனாலும் கல்யாணமான புதிதில் விளையாட்டுக்குப் பொத்துவானே, அதே மெதுவான பிடி. லினெட் பிடித்து விலக்கவில்லை. விலக்கித் திரும்பினால் அந்த முகம் தெரிந்துவிடும். அவன் காட்ட மறுக்கிறான். அது அவளுக்குப் புரிந்ததும் நடுரோட்டில் நின்று வாய்விட்டு அழுதாள். அந்தக் கைகளும் நடுங்கின.

"சரிங்க. பாக்கல."

கைகள் விலகின. அவள் கண்ணைத் திறக்காமலே சாவடி விளக்கு இருந்த பக்கம் நடந்தாள். கோவிந்தசாமி ஓடிவந்து தோளைப் பிடித்து உள்ளே உட்காரவைத்தார். முகத்தைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"ஏம்மா... மூஞ்சில இன்னாது?"

சுவர்க் கண்ணாடியில் பார்த்தாள். கண் இரண்டைச் சுற்றியும் தாரும் ரத்தமுமாகப் பத்து விரல் தடம். இன்னும் ஈரமாக இருந்தது.

வெளியே, நூறடி தள்ளி இன்னொரு வண்டி பிரேக் போட்டு நின்றது.