பதினான்காவது பொட்டலம்

காலையில் பிரிக்ஃபீல்ட்ஸில் வேன் ஏறும்போதே லோகேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது, இந்தச் சுற்றுலா உருப்படப் போவதில்லை என்று. ஏர்கான் முன்வரிசைக்கு மட்டும்தான் வேலை செய்தது. 'ஒரே நாளில் மூன்று பழங்கால இடிபாடுகள்' என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் போட்ட குருதான் டிரைவர், அவனே வழிகாட்டி, சோறு கட்டிக்கொண்டு வந்தவனும் அவனே. மலிவுச் சுற்றுலா என்றால் அப்படித்தான்.

அவள் இடிபாடு பார்க்க வரவில்லை. தங்கை மாதவியோடு பேச வந்தாள். அம்மா இறந்த அன்று மாதவி சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். மழை வரும்போல் இருக்கிறது என்று நாலு பேர் அவசரப்படுத்த, லோகேஸ்வரி உடலை எடுக்கச் சொல்லிவிட்டாள். அரைமணி நேரம் பொறுத்திருந்தால் மாதவி முகத்தையாவது பார்த்திருப்பாள். அன்றோடு பேச்சு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. இந்த ஒரு நாளில் எப்படியாவது தங்கையைத் திரும்பப் பெற்றுவிட வேண்டும்.

மாதவி வரத்தான் செய்தாள். ஆனால் கடைசி வரிசையின் ஒற்றை சீட்டில் போய் உட்கார்ந்து, நீலச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டாள்.

முதல் இடம் பூட்டிக் கிடந்தது. பதினாலு பேரும் வேலிக்கு வெளியே நின்று குருவைத் திட்டினார்கள். இரண்டாவது இடம் பரவாயில்லை. செங்கல் குளம், அதில் தாமரை, நல்ல காற்று. "நில்லுக்கா, ஒரு போட்டோ," என்றாள் மாதவி. ஒன்றரை வருடத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. லோகேஸ்வரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக நூறு முறை குருவின் வேனில் ஏறலாம்.

மூன்றாவது இடம் ஜெஞ்சாரோம் தாண்டி, ஆற்றோரச் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே. முழங்கால் உயரத்துக்குச் சிதைந்த செங்கல் சுவர்கள். ஒரே ஒரு சுவர் மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது.

"ஆயிரம் வருஷம்," என்றான் குரு. வேனில் எண்ணூறு என்றிருந்தான்.

அங்கே குருவியின் சத்தம்கூட இல்லை. நல்ல வெயிலில் ஈரச் சாம்பல் வாடை அடித்தது.

குரு ஆளுக்கொரு சோற்றுப் பொட்டலம் கொடுத்தான். "சாப்பிட்ட பேப்பர வீசிடாதீங்க, ஏறும்போது எங்கிட்ட குடுங்க." லோகேஸ்வரி இரண்டு பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு தங்கையிடம் போனாள். நல்லபடியாக ஆரம்பிக்கத்தான் நினைத்தாள். வாய் வேறு மாதிரி பேசிவிட்டது.

"அம்மா விஷயத்த இன்னுமா மனசுல வச்சிருக்கே?"

மாதவியின் முகம் செத்துப்போனது. "நீ யாருக்கும் காத்திருக்க மாட்டேக்கா. எனக்கு வேணாம், நீயே சாப்பிடு." மரங்களுக்குள் நடந்து மறைந்தாள். அவள் சால்வை வேன் சீட்டிலேயே கிடந்தது.

லோகேஸ்வரி அந்த உயரச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் சுவரின் மறுமுனையில் ஒருத்தி குந்தியிருப்பதைப் பார்த்தாள். தலை குனிந்திருந்தது. சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தோட்டத்து வேலைக்காரியாக இருக்கும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒரு வார்த்தை கூப்பிடாமல் சோற்றில் கை வைக்க லோகேஸ்வரிக்கு வராது. வளர்ந்த விதம் அப்படி.

"வாங்கம்மா, சாப்பிடலாம்," என்று தங்கையின் பொட்டலத்தை நீட்டினாள்.

இரண்டு கைகள் அதை வாங்கிக்கொண்டன. நகங்களில் செங்கல் மண். முகம் நிமிரவில்லை.

குரு ஹாரன் அடித்தான். வேன் கதவருகே கறுப்புக் குப்பைப் பையை விரித்துக்கொண்டு நின்றான். அவன் தலைகளை எண்ணுவதில்லை. ஒவ்வொருவரும் பையில் போடும் பேப்பரைத்தான் எண்ணுவான். இரண்டு வேலை ஒரே வேலையாக முடிந்துவிடும்.

"பன்னெண்டு... பதிமூணு..."

கடைசியாக ஒரு பேப்பர் விழுந்தது.

"பதினாலு. கம்ப்ளீட் லா. ஜோம், போலாம்."

லோகேஸ்வரி வீம்பாக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் கால்கள் அவளைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போயின. திரும்பிப் பார்க்க ரோஷம் விடவில்லை.

வழியில் மழை பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்த பவுனம்மாள் ஆன்டி எட்டி அவள் தோளைத் தொட்டார்.

"உன் தங்கச்சிக்கு காய்ச்சலா? சால்வைய மூஞ்சிவரைக்கும் இழுத்துக்கிட்டா. பேசுனா பதிலே இல்ல. ஒரு வாடை வேற வருது."

வீம்பெல்லாம் கரைந்தது. லோகேஸ்வரி தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழப் போனாள்.

அப்போது அவளுடைய போன் அடித்தது.

மாதவி.

"அக்கா, வேன் எங்க? ஆத்துப் பக்கம் போயிட்டு வந்து பாக்குறேன், ஒருத்தரையும் காணோம்."

லோகேஸ்வரி மெல்லத் திரும்பினாள்.

கடைசி சீட்டில் சால்வை மட்டும் கிடந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேன திருப்பு, குரு," என்றாள். மறுபடி சொன்னாள். வேனில் ஏச்சும் பேச்சும் கிளம்பின. வேலைக்குப் போகணும், பிள்ளை காத்திருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். லோகேஸ்வரி எவர் பேச்சையும் காதில் வாங்கவில்லை. இந்த முறை நான் விட்டுவிட்டுப் போகமாட்டேன், போகவேமாட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தோட்டத்து முனையில், மழையில், மாதவி நின்றிருந்தாள். லோகேஸ்வரி இறங்கி ஓடிக் கட்டிக்கொண்டாள். தங்கையின் உடம்பு சில்லிட்டிருந்தது. மழையில் நின்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். வேனில் ஏற்றித் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தாள்.

"அன்னைக்கு நான் காத்திருந்திருக்கணும் மாதவி. தப்பு என்னுதுதான். மன்னிச்சிரு."

"சரிக்கா," என்றாள் மாதவி. அக்காவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

லோகேஸ்வரி அழுதாள். ஒன்றரை வருடப் பாரம் இறங்கிய அழுகை. வேன் தோட்டத்தை விட்டுப் பெரிய சாலையில் ஏறியது.

லோகேஸ்வரியின் மடியில் இருந்த போன் அதிர்ந்தது.

திரையில் மாதவியின் பெயர்.

லோகேஸ்வரி பக்கத்தில் பார்த்தாள். மாதவியின் இரண்டு கைகளும் அவள் மடியில் வெறுமனே கிடந்தன.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

தோளில் சாய்ந்திருந்த தலை அசையவில்லை. ஒரு கை மட்டும் நகர்ந்து வந்து, போனின் மேல் மெல்லப் படிந்தது.

"எடுக்காதேக்கா," என்றது மாதவியின் குரல். "அவ அங்கயே இருக்கட்டும்."