கை வாடை

வெள்ளை முயலின் பெட்டியில் கறுப்பு முடி கிடந்தது.

ஜெபதாஸ் முதலில் அதை நூல் என்றுதான் நினைத்தான். குட்டி போடும் முன்பு பெட்டைமுயல் தன் வயிற்று ரோமத்தைத் தானே பிடுங்கிப் பெட்டிக்குள் மெத்தை போடும். அது வழக்கம்தான். ஆனால் நாலாம் கூண்டுப் பெட்டைக்கு உடம்பில் ஒரு பொட்டுக் கறுப்பு கிடையாது. பத்து நாளாகக் காலியாகக் கிடக்கும் அந்தப் பெட்டியில், வெள்ளை ரோமத்துக்கு நடுவே, முழ நீளத்தில் ஒரு முடி. இழுத்தால் கொத்தாக வந்தது. தீனி போடும்போது மனைவி ஷாலின் தலையிலிருந்து உதிர்ந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். கொத்தின் முனையில் கொஞ்சம் தோலும் ஒரு துளி ரத்தமும் காய்ந்து ஒட்டியிருந்தன. அதைப் பார்க்காதவன்போல் தூர எறிந்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போனான்.

சேரப்பணஞ்சேரி தாண்டி ஏரிக்கரை ஓரம் தனியாக நிற்கும் வீடு அது. மறைமலை நகர் கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது அவன் பெயர் முதலில் வந்தது. எங்கோ மூன்று நாள் முயல் வளர்க்கப் பயிற்சி கொடுத்தார்கள், பத்து முயல்களோடு வந்து இறங்கினான். ஒரே வருஷத்தில் பத்து நாற்பதாகிவிட்டது, தின்னத்தான் ஆளில்லை. நண்டு, கருவாடு, காடை என்று எதையும் விட்டுவைக்காத ஊர், முயல் என்றதும் முகத்தைச் சுளித்தது. தோலை உரித்துவிட்டால் பூனை மாதிரியே இருக்கிறதாம். பூனைக்கறிக்காரன் வீடு என்று பெயர் விழுந்த பிறகு அந்தப் பக்கம் யாரும் மோர் கேட்டுக்கூட வருவதில்லை. சுற்று வட்டாரத்திலேயே கறி வாங்குகிற ஒரே ஆள், மறைமலை நகரில் மெஸ் நடத்தும் யாக்கோபு. சனிக்கிழமை தோறும் அறுத்து அவனிடம் கொண்டுபோவான்.

ஷாலினுக்கு ஒன்பதாவது மாதம். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். தாயில்லை. முதல் பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர ஜெபதாஸுக்கு இந்த உலகத்தில் வேறு ஜெபமே இல்லை. திங்கட்கிழமை அவளை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாக ஏற்பாடு.

பத்து நாளைக்கு முன்புதான் அது நடந்தது. நாலாம் கூண்டில் ஏழு குட்டிகள் பிறந்திருந்தன, கட்டை விரல் பருமனில், ரோமமில்லாமல், கண் திறக்காமல். செத்தது ஏதாவது உண்டா என்று பார்க்க ஜெபதாஸ் பெட்டிக்குள் கையை விட்டான். அப்போதுதான் இரண்டு முயலை அறுத்து முடித்திருந்தான், கையை வெறும் தண்ணீரில் அலசியதோடு சரி. மறுநாள் காலை பெட்டியில் ஒரே ஒரு பின்னங்கால் மட்டும் மிச்சம் இருந்தது.

ஷாலின் ரொம்ப நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெத்தவளே ஏன் தின்னா?"

"எம்மேலதான் தப்பு. அறுத்த கையோட தொட்டுட்டேன். வேற வாடை பட்டா அதுக்குத் தன் குட்டின்னே தெரியாது. அதுவும் ரத்த வாடை."

அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மொதப் பிள்ளைய எத்தன பேரு தொட்டாவ?"

அன்றோடு அவள் பேச்சு குறைந்தது. வீட்டுக்குள்ளேயும் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். அவன் சோற்றுத் தட்டை நீட்டினால் திருப்பி வைத்துவிட்டு, முயலுக்கு வெட்டிவந்த வேலிமசால் தழைக் கட்டிலிருந்து ஒரு தண்டை உருவி முன்பற்களால் நறுக்நறுக்கென்று கடித்தாள். மசக்கை என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான், ஒன்பதாம் மாதத்தில் என்ன மசக்கை என்று உடனே தோன்றிவிட்டது. வீட்டில் இரண்டு பேர் இருந்தும் ஒற்றை ஆளாக இருப்பதுபோல் இருந்தது அவனுக்கு. பேச்சுத் துணைக்குக் கொட்டகைக்குப் போய் முயல்களிடம் பேசினான். அவற்றுக்கோ குரலே கிடையாது. பயந்தால் பின்னங்காலால் பலகையை உதைக்கும், தட் என்று, அவ்வளவுதான். கொட்டகையில் ஆறு பெட்டிகள் இருக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை காலை ஐந்துதான் இருந்தன.

அன்றைக்கு விடிந்ததிலிருந்தே தூறல். அறுத்து முடித்துப் பிற்பகலில் புறப்படும்போது ஷாலினுக்கு இடுப்பு வலிப்பதுபோல் இருந்தது. கேட்டால் இல்லை என்று தலையாட்டினாள். மனசு கேட்காமல் போகும் வழியில் சந்திரம்மாள் வீட்டின் முன் சைக்கிளை நிறுத்தினான். ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவள் அவள்.

"நீங்க வந்து கூட ஒக்காந்துனு இருங்கம்மா. ரெண்டு மணி நேரந்தான்."

"அந்த வூட்ல நான் எப்டிப்பா வந்து ஒக்கார்றது? பூன அறுத்த ரத்தத்த மிதிச்சுனா உள்ள போறது?"

"பூன இல்லம்மா. முயலு."

"இன்னாவோ ஒண்ணு. அவள இங்க இட்டா, நான் பாத்துக்கறேன்."

அழைத்துவந்திருக்கலாம். திரும்பி வந்து அழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்த நினைப்புக்காகப் பின்னால் அவன் தன்னையே சபித்துக்கொண்டிருக்கப் போகிறான்.

யாக்கோபு பாதிக் கறியைத்தான் எடுத்தான், மழைக்கு ஆள் வரவில்லையாம். மீதியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் மாட்டிக்கொண்டு ஜெபதாஸ் வேகமாக மிதித்தான். பொழுது சாயும்போது ஏரிக்கரைக்கு வந்துவிட்டான். கரண்ட் இல்லை. மழை நின்று, ஈர மண்ணும் முயல் மூத்திரமும் கலந்த நெடி வழக்கத்தைவிடக் கனமாக வந்தது, அதற்கு அடியில் இன்னொரு வாடை, ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தபோது அவன் மூக்கில் ஏறிக்கொண்ட அதே வாடை. தவளைச் சத்தத்துக்கு நடுவே கொட்டகையிலிருந்து தட், தட் என்று கேட்டது. ஒரு கூண்டிலிருந்து இல்லை. நாற்பதும் ஒன்றாக உதைத்துக்கொண்டிருந்தன.

"ஷாலின்?"

கட்டில் காலியாக இருந்தது. பாய் நனைந்திருந்தது. பாயிலிருந்து பின்வாசல் வரைக்கும் தரையில் ஈரம். இருட்டில் அது தண்ணீர் மாதிரிதான் தெரிந்தது.

டார்ச்சைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினான்.

கொட்டகையின் கடைசியில், தீனிக் கட்டுகளுக்குப் பின்னால், காணாமல்போன ஆறாவது பெட்டி இருந்தது. வாயை வேலிமசாலால் அடைத்திருந்தாள். விலக்கினான். உள்ளே முழுக்க முடி. கறுப்பு முடி, கொத்துக் கொத்தாக, அழகாகச் சுற்றி, ஒரு மெத்தை. மெத்தை அசைந்தது.

பையைக் கீழே போட்டான், டார்ச்சைத் தீனிக் கட்டின்மேல் வைத்தான். இரண்டு கையையும் உள்ளே விட்டான்.

சூடாக இருந்தது. உயிரோடு இருந்தது. பெண் பிள்ளை. முகத்தில் ஒட்டியிருந்த முடியை அவன் விரலால் விலக்கியதும் சின்னதாகத் தும்மியது. ஜெபதாஸுக்கு அழுகை வந்துவிட்டது. மார்போடு அணைத்துக்கொண்டான். ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. கன்னத்தைத் தடவினான். வயிற்றைத் தடவினான். பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

பின்னால் வைக்கோல் சரசரத்தது.

ஷாலின் நின்றிருந்தாள். தலையில் முந்தானை இல்லை. முடியும் இல்லை, அங்கங்கே சிவந்த தோல்தான் இருந்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு சாந்தம். கல்யாணமான புதிதில் பார்த்த முகம். இரண்டு கையையும் நீட்டினாள். பெற்றவள் கேட்கிறாள், பால் கொடுக்கத்தானே கேட்பாள்? அவன் சந்தோஷத்தோடு பிள்ளையை அவள் கையில் வைத்தான்.

அவள் குனிந்து பிள்ளையின் வயிற்றில் மூக்கை வைத்தாள். முகர்ந்தாள்.

நிறுத்தினாள்.

மறுபடி முகர்ந்தாள். கன்னத்தில். விரல்களில். அவள் மேலுதடு துடிக்க ஆரம்பித்தது, வேகமாக, நிற்காமல்.

"நீங்க தொட்டியளா?"

ஜெபதாஸ் தன் கைகளைப் பார்த்தான். டார்ச் வெளிச்சத்தில் கை ரேகைகள் சிவப்பாக இருந்தன. காலடியில் பை கிழிந்து கிடந்தது. வழியெல்லாம் ஒழுகிக்கொண்டே வந்திருக்கிறது.

பிள்ளையின் கன்னத்தில் அவன் விரல்கள் ஐந்தும் பதிந்திருந்தன.

"ஷாலின், நம்ம புள்ள. நம்ம புள்ளடி."

அவள் அவனைப் பார்க்கவில்லை.

கூண்டுகளில் உதைக்கும் சத்தம் நின்றது. நாற்பதும் ஒன்றாக.

அந்த அமைதியில் ஷாலின் பிள்ளையை வாயருகே தூக்கினாள்.